பழைய ஊர்தியும் புதிய பொறியும்

தமிழிலே 'பொறி' என்னுஞ் சொல்லுக்குப் பொருள் பல. இயந்திரத்தைப் பொறி என்பர். மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐந்து உறுப்புகளையும் பொறி என்பர். கல்லும் இரும்பும் உராய்ந்தவழி எழும் தீத்துளியும் பொறியே. மோட்டார் வண்டியின் எஞ்சினைப் பற்றி ஆராயப் புகுவோர்க்கு இம்மூன்று பொருளும் ஒருங்கே வேண்டப்படுகின்றன. எஞ்சின் ஒரு பொறி; பெட்ரோல் எஞ்சினாயின் தீப்பொறியால் இயங்குவது; இக்காலத்து எஞ்சினோ புலன்களை உணரும் பொறிகள் பலவும் உடையது. பழைய காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் புதியதொன்றை அமைக்க விரும்புவோர் முதலிரண்டையும் நன்கு அறிவர். மூன்றாவதைப் பெரும்பாலும் எண்ணுவதில்லை. எண்ணாமையால் விளையும் இடர் சிறிதன்று. எரிபொருள் வீணாவது முதல் வண்டி தீப்பற்றுவது வரை அஃது எட்டும். ஆதலின் இதனைச் சற்று விரிவாக நோக்குதல் தகும்.

நம் நாட்டில் பழைய உடலிற் புதிய எஞ்சின் புகுந்த வரலாற்றுக்கு அம்பாசிடர் காரினும் சிறந்த சான்று இல்லை. இங்கிலாந்தில் 1956இல் வெளிவந்த மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் வடிவையே இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் தமதாக்கிக்கொண்டு, கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 1950களின் இறுதி தொடங்கி அம்பாசிடர் என்னும் பெயரால் செய்துவந்தனர். 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் அத்தொழிற்சாலை நிற்கும் வரை அவ்வண்டியின் தோற்றத்தில் பெருமாறுதல் யாதும் நேர்ந்ததில்லை. உள்ளே எஞ்சின் மட்டும் பலமுறை மாறியது. 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ஆங்கிலப் பெட்ரோல் எஞ்சின் நெடுங்காலம் ஓடியது. 1980ஐ ஒட்டி டீசல் எஞ்சின் வந்தது. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானிய இசுசு நிறுவனத்தின் 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் ஐந்து கியர்ப் பெட்டியோடு அமர்ந்தது. அதன் பின்னர் புகைக் கட்டுப்பாடு கடுமையானபோது, கார்புரேட்டரை நீக்கி, ஒவ்வொரு உருளைக்கும் தனித்தனியே பெட்ரோலைத் தெளிக்கும் ஊசிமுறையை அதே எஞ்சினுக்கு அமைத்தனர்.

இவ்விரண்டு மாற்றங்களுள் எது பெரிது? இசுசு எஞ்சின் வந்ததே பெரிது என்று எவருக்கும் தோன்றும். இரும்புப் பிண்டமே மாறிற்றன்றோ? மின்கம்பிகளை நோக்கினால் நிலைமை தலைகீழாகும். கார்புரேட்டர் உள்ள எஞ்சினுக்குக் காயிலுக்கு ஒரு கம்பி, செல்ப் மோட்டாருக்கு ஒன்று, மின்னாக்கிக்குச் சில, எண்ணெய் அழுத்தத்திற்கும் நீரின் சூட்டிற்கும் ஒவ்வொன்று, இவை போதும். பழைய எஞ்சினின் கம்பிகளைப் புதியதன்மேல் மாட்டிவிடலாம். ஊசிமுறை வந்தபோதோ, வண்டிக்குள் ஒரு கணிப்பொறியும் அதற்குச் செய்தி சொல்லும் உணரிகளும் அவற்றைப் பிணைக்கும் கம்பித் தொகுதியும் குடிபுகுந்தன. இரும்பை மாற்றியது எளிது. அறிவை ஊட்டியதே அரிது.

இந்த இரண்டாவது காலத்தின் தொடக்கம் நம் திருவள்ளூருக்கு அயலன்று. ஊரையடுத்த அதிகத்தூரில் அதே நிறுவனத்தார் 1998இல் மித்சுபிஷி லான்சர் காரைச் செய்யத் தொடங்கினர். உத்தரபாராவில் நாற்பதாண்டு மூத்த உடலைச் செய்துகொண்டிருந்தவர்கள், திருவள்ளூரில் கணிப்பொறியால் ஆளப்படும் எஞ்சினை உடைய காரைச் செய்தனர் என்பது நினைக்கத்தக்கது. 2021 முதல் அத்தொழிற்சாலையிலேயே சிட்ரோயன் கார்கள் உருவாகின்றன. அம்பாசிடர் என்னும் பெயருரிமையையும் 2017இல் அந்தப் பிரெஞ்சு நிறுவனமே வாங்கிற்று. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வழியே செல்லும் நெடுஞ்சாலையோ கொல்கத்தாவுக்குத்தான் போகிறது. கும்மிடிப்பூண்டியின் தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் உலைகள் பல உண்டு. எஞ்சின் மாற்றம் பாதியில் நின்றுபோன கார்க்கு இறுதியில் உலையே கதி. ஆகவே தந்தை வாங்கிய வண்டியைக் காக்க விரும்பும் மகன் தொடங்குமுன் அறியவேண்டியவை சில உள.

தொல்காப்பியனார் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்தனர். அவ்வகுப்பினை எஞ்சின்களுக்கும் ஒருவாறு பொருத்தலாம். பழைய எஞ்சினின் டிஸ்டிரிப்யூட்டரில் சுழலும் சிறு எடைகள் வேகத்தை உணர்ந்து தீப்பொறி எழும் வேளையை முன்தள்ளும். அதன் பக்கத்திலுள்ள தகட்டுச் சிமிழ் காற்றின் உறிஞ்சலை உணரும். அவ்வளவே, ஈரறிவு என்னலாம். புதிய எஞ்சினோ தன் சுழற்சியை உணரும். உள்ளே புகும் காற்றின் அழுத்தத்தை அல்லது நிறையை உணரும். அக்காற்றின் வெப்பம், குளிர்விக்கும் நீரின் வெப்பம், ஓட்டுபவர் மிதித்த அளவு, வெளியேறும் புகையில் எஞ்சிய உயிர்வளி, உருளைக்குள் எழும் தட்டொலி ஆகிய அனைத்தையும் உணரும். இவற்றையெல்லாம் தொகுத்து ஆராய்ந்து ஆணையிடும் பெட்டியை மெக்கானிக்குகள் ஈ.சி.யூ. என்பர். ஐம்பொறிகள் கொணர்ந்ததை மனம் கொள்ளுமாறு போல, உணரிகள் கொணர்ந்ததை அப்பெட்டி கொள்கிறது. உணரியைப் பட்டறைகளில் சென்சார் என்றே வழங்குவர். அதுவும் விளங்குஞ் சொல்லே.

எனவே முதல் விதி இது. புதிய எஞ்சினை வாங்குவோர் எஞ்சினை மட்டும் வாங்கலாகாது. அஃது இருந்த காரின் ஈ.சி.யூ., கம்பித் தொகுதி முழுவதும், உணரிகள் அனைத்தும், பியூஸ் பெட்டி, ரிலேக்கள், சாவியும் சாவித்துளையும் ஆகியவற்றை ஒருசேரப் பெறவேண்டும். சாவி எதற்கு எனின், இக்காலத்துச் சாவியின் தலையில் நுண்ணிய சில்லு ஒன்று உறைகிறது. சாவித்துளையைச் சுற்றியுள்ள வளையம் அதனைப் படித்து, உரிய சாவிதான் என்று ஈ.சி.யூ.வுக்கு உரைத்தாலன்றி எஞ்சின் உயிர்பெறாது. எஞ்சின் விற்பவர் இடத்தை மிச்சப்படுத்தக் கம்பித் தொகுதியைக் கத்தரியால் வெட்டித் தருவதுண்டு. வெட்டிய எண்பது கம்பிகளை நிறம் பார்த்து இணைத்துவிடலாம் என்று துணிவோர்க்கு ஒன்று சொல்லவேண்டும்: ஒரே நிறத்தில் நான்கைந்து கம்பிகள் இருக்கும். வெட்டாத தொகுதிக்கு இருமடங்கு விலை கொடுப்பினும் அதுவே மலிவு.

உணரிகளுள் தலையாயது எஞ்சினின் சுழல்தண்டை நோக்கி நிற்பது. தண்டோடு சுழலும் பற்சக்கரத்தின் பற்கள் தன்முன் கடக்குந்தோறும் அது துடிப்பொன்றை எழுப்பும். பல எஞ்சின்களில் 60 பற்கள் இருக்கவேண்டிய வட்டத்தில் 58 மட்டும் இருக்கும். இல்லாத இரண்டின் இடைவெளியைக் கொண்டே தண்டு எந்நிலையில் உள்ளது என்று ஈ.சி.யூ. தெளியும். இந்த உணரி பேசாவிடில் தீப்பொறியும் இல்லை, பெட்ரோலும் இல்லை. எஞ்சினை மாற்றுவோர் இங்கே இருவகையில் இடறுகின்றனர். சில எஞ்சின்களில் அப்பற்சக்கரம் பறவைச் சக்கரத்தின், அதாவது பிளைவீலின், விளிம்பில் உள்ளது. பழைய கியர்ப் பெட்டியோடு பொருந்தவேண்டிப் பழைய பிளைவீலை மாட்டினால் எஞ்சின் குருடாகும். இரண்டாவது, இவ்வுணரியின் கம்பியை ஸ்பார்க் பிளக் கம்பிகளுக்கு அருகே கட்டிவிடுதல். பல்லாயிரம் வோல்ட் பாயும் கம்பியின் அருகில் மெல்லிய துடிப்புச் செல்லும் கம்பி கிடந்தால் பொய்த் துடிப்புகள் புகும். அதனைச் சுற்றியுள்ள உலோக உறையை நீக்காமலும், அவ்வுறையை ஒரு முனையில் மட்டுமே எர்த் செய்தும் வைத்தல் வேண்டும்.

நீரின் சூட்டை உணரும் உறுப்பு வெப்பம் ஏற ஏறத் தன் மின்தடையைக் குறைத்துக்கொள்ளும் இயல்பினது. பெரும்பாலானவற்றில் 20 பாகை வெப்பத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறு ஓம் அளவிலும், 80 பாகையில் முந்நூறு ஓம் அளவிலும் தடை இருக்கும். ஈ.சி.யூ. ஐந்து வோல்ட் அனுப்பி, திரும்பும் அளவைக் கொண்டு சூட்டை அறியும். பழைய காரின் முன்பலகையிலுள்ள சூட்டு முள்ளையும் இதே உணரியில் இணைத்தால் ஒரு துளை மிச்சமாகுமே என்று சிலர் எண்ணுவர். முள்ளுக்கென ஓடும் மின்னோட்டம் கணக்கைக் கெடுக்கும்; முள்ளும் பொய் சொல்லும், எஞ்சினும் தான் உள்ளதினும் குளிர்ந்தோ சூடாகவோ இருப்பதாக நம்பும். ஆகவே முள்ளுக்குப் பழைய உணரியையும் ஈ.சி.யூ.வுக்குப் புதிய உணரியையும் தனித்தனியே அமைப்பதே முறை. எண்ணெய் அழுத்த விளக்குக்கும் இதுவே கூறலாம்.

புகைக்குழாயில் நிற்கும் உயிர்வளி உணரி சூடான பின்னரே பேசத் தொடங்கும். பழைய வகையானது கலவையில் பெட்ரோல் குறைந்தால் 0.1 வோல்ட் அளவும், மிகுந்தால் 0.9 வோல்ட் அளவும் காட்டி, இரண்டிற்கும் இடையே ஊசலாடிக்கொண்டிருக்கும். பழைய காரின் உடலுக்கேற்பப் புகைக்குழாயைப் புதிதாக வளைத்து ஒட்டும்போது, இவ்வுணரிக்கு முன்னால் எங்கேனும் நூலளவு பிளவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகும். உணரி அக்காற்றையும் சேர்த்து முகர்ந்து, 'பெட்ரோல் குறைவு' என்று உரைக்கும், ஈ.சி.யூ. அதனை நம்பி மேலும் தெளிக்கும். வண்டி நன்றாக ஓடுவதுபோலவே தோன்றும். பெட்ரோல் கடையில்தான் குறை வெளிப்படும். குற்றம் ஈ.சி.யூ.வில் என்று எண்ணி அதனை மாற்றுவோரும் உளர். ஒட்டுப்போடுபவர் பத்து நிமிடத்தில் முடிக்கவேண்டிய வேலை அது.

வேக உணரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுவோம். பழைய கியர்ப் பெட்டியிலிருந்து வேகமுள்ளுக்குச் செல்வது சுழலும் கம்பிவடம், புதிய ஈ.சி.யூ. கேட்பது மின்துடிப்பு. அத்துடிப்பு வராவிடில், வண்டி நிற்குந் தறுவாயில் எஞ்சின் தடுமாறி அணைவதுண்டு. வடத்தின் நடுவே பொருத்தும் துடிப்பாக்கிகள் கிடைக்கின்றன.

இனி, உணரிகளினும் எளியதாகத் தோன்றி அவற்றினும் மிகுதியாகத் தொல்லை தருவது எர்த். 1950களின் ஆங்கிலக் கார்கள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனை வண்டியின் உடலோடு பிணைக்கப்பட்டிருந்தது. அத்தகைய வண்டியில் எதிர்முனை உடலோடு பிணைந்திருக்கவேண்டிய புதிய ஈ.சி.யூ.வை இணைத்த கணமே அது கெடும். ஆகவே வேறெதனையும் பார்க்குமுன் பாட்டரி எம்முறையில் பிணைந்துள்ளது என்று பார்க்க. அடுத்து, எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்வதால் இரும்பு உடலோடு அதற்குத் தானாக மின்தொடர்பு இல்லை. பின்னிய செப்புப் பட்டையொன்று இரண்டையும் இணைக்கவேண்டும். மறந்தால் என்னாகும்? செல்ப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் திரும்பும் வழி தேடி, ஆக்சிலேட்டரின் எஃகு வடத்தின் வழியே பாயும். வடம் கொதித்து உறை உருகிப் புகைந்த பின்னரே காரணம் புலப்படும். சோதிப்பது எளிது: எஞ்சினைச் சுழற்றும்போது அதன் இரும்புக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே மீட்டரை வைக்கவேண்டும், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதவில்லை. நம் பகுதியிலோ பழவேற்காடும் எண்ணூரும் அருகே இருக்கக் கடற்காற்றின் உப்பு ஓயாது வீசுகிறது. வண்ணத்தின்மேல் முறுக்கிய திருகாணி ஓராண்டில் பச்சை பூத்துப்போம். வண்ணத்தைச் சுரண்டி, வெறும் இரும்பில் இணைத்து, மேலே கிரீஸ் பூசுதல் நன்று.

உணரிகளின் எர்த்தையும் பெருமின்னோட்டத்தின் எர்த்தையும் ஒரே ஆணியில் கட்டுதலும் தவறு. விசிறி சுழலத் தொடங்கியவுடன் அவ்வாணியில் எழும் சிறு மின்னழுத்த வேறுபாடு, ஐந்து வோல்ட்டுக்குள் பேசும் உணரியின் சொல்லைத் திரித்துவிடும்.

கம்பியின் பருமனுக்கு ஒரு கணக்குக் காட்டுவோம். பின்புறத் தொட்டியிலுள்ள பெட்ரோல் பம்பு 8 ஆம்பியர் இழுக்கிறது. கம்பியின் நீளம் 4 மீட்டர் என்க. பழைய வண்டியிற் கிடந்த 0.75 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியையே பயன்படுத்தினால் வழியிலேயே ஏறத்தாழ 0.7 வோல்ட் தொலையும், 2.5 சதுர மில்லிமீட்டர்க் கம்பியாயின் 0.2 வோல்ட் அளவே தொலையும். முன்னதில் பம்பு தளர்வதோடு கம்பியும் சூடேறும். பழைய டைனமோவும் இங்கே உதவாது. அக்காலத்து லூக்காஸ் டைனமோக்களுள் ஒருவகை தரக்கூடியது 22 ஆம்பியர். பம்பு, விசிறி, ஊசிகள், காயில்கள், முன்விளக்குகள் எல்லாம் சேர்ந்தால் அதனைத் தாண்டும். புதிய எஞ்சினோடு வரும் ஆல்டர்னேட்டரை வைத்துக்கொண்டு, அதிலிருந்து பாட்டரிக்குச் செல்லும் கம்பியையும் தடித்ததாக மாற்றவேண்டும். பழைய ஆங்கிலக் கார்கள் பலவற்றில் வண்டி முழுமைக்கும் இரண்டே பியூஸ்கள் இருந்தன என்பதையும் மறத்தலாகாது. புதியவற்றுக்குத் தனித்தனிப் பியூஸ் வேண்டும்.

பெட்ரோல் பம்பு பற்றி இன்னும் ஒன்று. உயிரோடு தொடர்புடையதாகலின் இதனை அழுத்தமாகவே சொல்லுகிறேன். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் செல்லும் அழுத்தத்தினும் ஊசிமுறையில் ஏறத்தாழப் பத்து மடங்கு அழுத்தம், மூன்று பார் அளவு, குழாயில் நிற்கிறது. பழைய ரப்பர்க் குழாயும் வளையமும் அதனைத் தாங்கா. மேலும், தொழிற்சாலை அமைத்த முறையில் பம்பின் ரிலே ஈ.சி.யூ.வின் ஆணைக்கு உட்பட்டது. எஞ்சின் சுழலாது நின்ற சில நொடிக்குள் பம்பும் நிற்கும். இணைப்பு விளங்காத அவசரத்தில் பம்பைச் சாவியின் கம்பியோடு நேரே இணைத்து, 'ஓடுகிறதே' என்று மகிழ்வோர் உளர். விபத்தில் வண்டி கவிழ்ந்து, குழாய் அறுந்து, ஓட்டுநர் நினைவிழந்து கிடக்கும்போதும் சாவி திறந்தே இருக்கும். பம்பு பெட்ரோலைப் பொழிந்துகொண்டேயிருக்கும். வேறெந்தக் குறுக்கு வழியைப் பொறுத்தாலும் இதனைப் பொறுத்தலாகாது.

2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் ஆறாம் படி எஞ்சின்களை மாற்றி வைப்பது இன்னும் கடினம். அவற்றின் பெட்டிகள் கேன் என்னும் இரட்டைக் கம்பி வழியே ஒன்றோடொன்று உரையாடுகின்றன. முறுக்கிய அவ்விரு கம்பிகளின் இரு கோடியிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். மின்சாரத்தை நிறுத்தி நடுவே அளந்தால் 60 ஓம் காட்டவேண்டும். முன்பலகைப் பெட்டியைக் கழற்றி எறிந்தபோது ஒரு கோடியின் தடையும் அதனோடு போயிருந்தால் 120 காட்டும், உரையாடல் குழறும். ஆக்சிலேட்டர் மிதியும் இவற்றில் வடமற்றது. அதனுள் இரண்டு அளவிகள் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொண்டிருக்கும். இரண்டும் முரண்பட்டால் ஈ.சி.யூ. வேகத்தை மட்டுப்படுத்திவிடும். ஆகவே மிதியும் எஞ்சினோடு வரவேண்டிய உறுப்பே. பிரேக் பெட்டியும் ஏர்பேக் பெட்டியும் இல்லாத பழைய வண்டியில் ஈ.சி.யூ. அவற்றைத் தேடிக் குறைகூறும். எச்சரிக்கை விளக்கு எரியும். அவ்விளக்கை அணைக்கும்பொருட்டு உணரி இருக்கவேண்டிய இடத்தில் நிலையான தடையொன்றை வைத்து ஏமாற்றுவதைச் சிலர் திறமை என்பர். குருடனுக்குக் கண்ணை வரைந்துவிடுவது போன்றது அது. என் கருத்தில் அத்தகைய எஞ்சினை விடக் கார்புரேட்டர் உள்ள எஞ்சினே மேல்.

ஈ.சி.யூ.வை எங்கே வைப்பது? கால்மிதிக்கருகே இடம் இருக்கிறதென்று வைப்பர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பெய்த மழையில் சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் வெள்ளம் சூழ்ந்ததை நாம் அறிவோம். முன்பலகைக்குப் பின்னே உயரமாக, இணைப்பி கீழ்நோக்கியிருக்க வைத்தல் தக்கது. உடலில் ஒட்டுப்போடும் வேலை ஏதும் எஞ்சியிருந்தால் பாட்டரியையும் ஈ.சி.யூ.வையும் கழற்றிய பின்பே செய்யவேண்டும்.

சட்டத்தையும் ஒரு சொல்லால் தொட்டுச் செல்வோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலிற் குறித்தவற்றோடு முரண்படுமாறு வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்திற்று. எஞ்சின் எண் பதிவுச் சான்றில் உள்ளதாகலின், எஞ்சினுக்கு முன்பணம் கொடுக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தால் கேட்டறிதல் வேண்டும். பின்னர்க் கேட்பது பயனற்றது.

எல்லாம் இணைத்தாயிற்று, எஞ்சினை எழுப்புவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. இரவெல்லாம் நின்று குளிர்ந்த வண்டியில், விடியற்காலையில், சாவியை மட்டும் திறந்து, ஈ.சி.யூ.வோடு பேசும் கருவியை இணைத்து, ஒவ்வோர் உணரியும் சொல்வதைப் படிக்கவேண்டும். நீரின் வெப்பமும் காற்றின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாக இருத்தல் வேண்டும். வேறாயின் இரண்டில் ஒன்று பொய். காற்றழுத்த உணரி, கடல் மட்டத்தை ஒட்டிய நம் ஊர்களில், 100 கிலோபாஸ்கல் அளவைக் காட்டவேண்டும். மிதியை மெல்ல அழுத்த, அளவு இடையறாது ஏறவேண்டும். துள்ளினால் தொடர்பு தளர்ந்துள்ளது. பிறகு செல்ப்பைத் திருப்பி, கருவியில் சுழற்சியின் எண்ணைப் பார்க்கவேண்டும். இருநூறு அளவில் ஏதேனும் எண் தோன்றினால் நலம். எஞ்சின் சுழன்றும் எண் சுழியாகவே நின்றால், பெட்ரோலையும் பிளக்கையும் தொடாது, சுழல்தண்டின் உணரியையும் அதன் கம்பியையுமே முதலில் பார்க்கவேண்டும்.